90 நாள் வரை: என் தம்பி உள்ளே இருந்த காலம்

பாஸ்டன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு அவ்வப்போது போன் வரும். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கிய பிறகு. முதலில் ஆஷ்லண்ட் கோயிலில் என்ன விசேஷம், ஊரில் மழையா என்று எதையாவது பேசுவார்கள். அப்புறம் குரல் இறங்கும். "அக்கா, அந்த செக்‌ஷன் 35 பற்றி உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க..."

தெரியும். என் தம்பி அந்தப் பிரிவின் கீழ் உள்ளே இருந்திருக்கிறான். "எழுதுக்கா, பேர் மட்டும் போடாதே" என்று அவன் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். போனில் ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் வைத்துவிட்டால், கேட்கக் கூச்சப்படுபவர்களும் படித்துக்கொள்ளலாம்.

சட்டம் இதுதான். மாசசூசெட்ஸ் மாநிலப் பொதுச் சட்டங்களின் 123-வது அத்தியாயம், 35-வது பிரிவு. ஒருவர் குடிக்கோ போதை மருந்துக்கோ அடிமையாகி, அதனால் அவருக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்து வரும் நிலை இருந்தால், நீதிமன்றம் அவரை அவருடைய விருப்பம் இல்லாமலே சிகிச்சைக்கு அனுப்பலாம். 90 நாள் வரை வைத்திருக்கலாம். 2012 வரை இது 30 நாளாக இருந்தது. மனுப் போடக்கூடியவர்கள் யார் என்பதைச் சட்டமே சொல்கிறது: கணவன் அல்லது மனைவி, ரத்த உறவு, சட்டப்படியான காப்பாளர், போலீஸ்காரர், மருத்துவர், நீதிமன்ற அதிகாரி. நண்பன் போட முடியாது. அண்ணி, மாமனார், மைத்துனர் யாரும் போட முடியாது. நம் வீடுகளில் இப்படிப்பட்ட நேரத்தில் முன்னால் நிற்பவர் பல சமயம் மாமனாரோ மைத்துனரோதான், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குற்றம் எதுவும் செய்திருக்கத் தேவையில்லை. குற்ற வழக்கு எதுவும் பதிவாகாது. இது சிவில் விவகாரம். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம்.

தம்பிக்கு அது எப்படி ஆரம்பித்தது என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. அதைச் சொல்லும் உரிமை அவனுடையது. ஒரு குளிர்காலத்தில் அவன் குளியலறைத் தரையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான், ஆம்புலன்ஸ்காரர்கள் போதை மருந்தின் அளவு மீறியவர்களை மீட்கும் நலாக்ஸோன் என்ற மருந்தை மூக்கில் அடித்து எழுப்பினார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து அன்று இரவே திரும்பி வந்தான், சில வாரத்தில் அதே மாதிரி மறுபடியும் நடந்தது. இங்கே விற்கும் ஹெராயினில் முக்கால்வாசி அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில்தான் என்று ஒரு செவிலியர் எங்களிடம் சொன்னார். அப்பா மறுநாள் காலையில் கோர்ட் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றார்.

மனுப் படிவம் பெரியதில்லை. அப்பா மெயின்ஃப்ரேம் புரோகிராமர், 1999-இல் ஒய்2கே (2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கல்) வேலைக்கு வந்தவர். எதையும் வரிசையாக எழுதிப் பழகியவர். அன்றைக்குத் தேதி, நேரம், என்ன நடந்தது என்று பட்டியல் போட்டு எழுதிக் கொடுத்தார். நீதிபதி வாரண்ட் பிறப்பித்தார். இந்த வாரண்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: பிடித்தால் உடனே நீதிபதி முன் நிறுத்த முடிகிற நேரத்தில்தான் பிடிக்க வேண்டும். கோர்ட் நடக்கும் நேரம் என்று அர்த்தம். அதனால் போலீஸ் பகலிலேயே வீட்டுக்கு வந்தது.

தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி, ஷூ போடச் சொல்லி, கையில் விலங்கு மாட்டினார்கள். அம்மா குறுக்கே போய் நின்று, "பிள்ளை சாப்பிட்டுட்டு வரட்டும்" என்று அந்த போலீஸ்காரரிடம் தமிழிலேயே சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "நீதிபதி கோர்ட்டை முடித்துக் கிளம்பிவிட்டால் நாளைக்குத்தான் ஆகும்" என்றார் அவர், தன்மையாகத்தான் சொன்னார். அம்மா ஒரு வாழைப்பழத்தை அவன் ஜாக்கெட் பையில் வைத்தாள். விலங்கோடு இருப்பவன் அதை எப்படிச் சாப்பிடுவான் என்று யாரும் கேட்கவில்லை.

கோர்ட்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு மணி நேரம் இன்னும் எங்கள் வீட்டுக்குள் கிடக்கிறது. கீழே லாக்கப்பில் தம்பி. கோர்ட்டிலேயே வேலை பார்க்கும் மனநல நிபுணர் அவனிடம் பேசி மதிப்பீடு செய்தார். அவனுக்கு அரசு செலவில் ஒரு வழக்கறிஞர் வந்தார். அந்த வழக்கறிஞர் தம்பியின் தரப்பு. சிகிச்சையின் தரப்பு என்று அங்கே தனியாக யாரும் கிடையாது. தம்பி வெளியே போக வேண்டும் என்கிறான், அவர் அதற்காக வாதாடுகிறார். சாட்சிக் கூண்டில் அப்பா. "உங்கள் மகன் மருந்து ஏற்றிக்கொள்வதை நேரில் பார்த்தீர்களா?" "உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று சொன்னானா?" "உங்களை அடித்தானா?" ஒவ்வொன்றுக்கும் அப்பா "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பத்தடி தூரத்தில் தம்பி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அப்பா கேள்வி எதுவும் இல்லாமலே, "இன்னொரு தடவை நடந்தால் நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோமோ என்று பயமாக இருக்கிறது" என்றார்.

அப்பாவுக்கு அந்த வழக்கறிஞர் மேல் இன்றும் கோபம் உண்டு. எனக்கு இல்லை. ஒரு குற்றமும் செய்யாத ஒருவனை அடைத்து வைக்கப் போகிறார்கள் என்றால், அவன் பக்கம் நின்று கேள்வி கேட்க ஒருவராவது இருக்கத்தான் வேண்டும். அன்றைக்கு அந்த அறையில் அவனோடு நின்றது அவர் மட்டும்தான்.

நீதிபதி கேட்டுவிட்டு உத்தரவு போட்டார். நாங்கள் ஆஸ்பத்திரி என்று நினைத்தோம். அம்மா வீட்டுக்கு வந்து அவனுக்குக் கம்பளிச் சட்டை, பல் தேய்க்கும் பிரஷ், விபூதிப் பொட்டலம் எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள். எங்கே அனுப்புகிறார்கள் என்பது எந்த இடத்தில் படுக்கை காலி என்பதைப் பொறுத்தது. இந்த மாநிலத்தில் ஆண்களுக்கான இடங்களில் சில பொதுச் சுகாதாரத் துறையின் கீழ் வருபவை, சில சிறைத்துறையோ, மாவட்டச் சிறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஷெரிஃபோ நடத்துபவை. தம்பிக்குக் கிடைத்தது இரண்டாவது வகை. பெயர் வேண்டாம்.

ஷெரிஃப் வேனில், கையிலும் காலிலும் விலங்கோடு போனான். கூட வந்த ஒருவன் திருட்டு வழக்கில் ஆறு மாதத் தண்டனை பெற்றவன். "உனக்கு எவ்வளவு?" என்று தம்பியைக் கேட்டானாம். "தெரியாது" என்று இவன் சொல்ல, அந்த ஆள் இவனைப் பாவமாகப் பார்த்தானாம். தண்டனை பெற்றவனுக்கு வெளியே வரும் தேதி தெரியும். என் தம்பிக்குத் தெரியாது.

உள்ளே போனதும் உடை களைந்து சோதனை. சீருடை. சீருடை போட்ட காவலர்கள். ஒரு நாளில் பல முறை தலை எண்ணுவார்கள், அப்போது கட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் வாரம் வாந்தி, பேதி, கால் நரம்பு இழுப்பு, தூக்கமே இல்லை. அந்த நிலையிலும் எண்ணும் நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும். உள்ளே ஆலோசகர்கள் இருந்தார்கள், குழு வகுப்புகள் நடந்தன. ஒரு ஆலோசகரைப் பற்றித் தம்பி இப்போதும் மரியாதையாகப் பேசுவான். அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் வகுப்பு முடிந்து கதவு பூட்டும் சத்தம் கேட்கும்போது, வகுப்பில் "உனக்கு ஒரு நோய் இருக்கிறது, அது உன் குற்றமில்லை" என்று சொன்னது அப்படியே கரைந்துவிடும் என்றான்.

அம்மா வைத்த பையைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியவில்லை. போன் மட்டும் வரும். எடுத்தவுடன் பதிவு செய்த ஒரு குரல், சிறைக் கூடத்திலிருந்து ஒரு கைதி அழைக்கிறார், ஏற்க எண்ணை அழுத்துங்கள் என்று சொல்லும். அம்மாவுக்கு அவ்வளவாக ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தப் பதிவில் வரும் 'பிரிசன்' அவளுக்குப் புரிந்தது. "ஆஸ்பத்திரின்னு சொன்னீங்களே" என்று அப்பாவிடம் கேட்டாள். அதன் பிறகு சில நாள் அவர்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது நாள் கணக்கு. போன் செய்பவர்கள் எல்லோரும் இதைத்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 90 என்பது உச்ச வரம்பு. 30, 45, 60, 75 ஆகிய நாட்களில் அந்த இடத்தின் கண்காணிப்பாளர் நிலைமையை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வெளியே விட்டால் பெரிய ஆபத்து இல்லை என்று அவர் எழுத்தில் பதிவு செய்தால், 90 ஆவதற்கு முன்பே விடலாம். இந்த முடிவுக்காக மறுபடி கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. நான் சட்டத்தை இணையத்தில் தேடி வாசித்துத் தெரிந்துகொண்டேன். தம்பி உள்ளே மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். 30 நெருங்கும்போது அவன் குரலே மாறிவிடும். அது தாண்டிப் போனால் அடுத்த அழைப்பில் ஒன்றும் பேசமாட்டான், மூச்சு மட்டும் கேட்கும். பிறகு 45. இரண்டாவது மறுஆய்வு முடிந்த வாரத்தில் ஒரு நாள் காலையில், "இன்றைக்கு வந்து கூட்டிப் போங்கள்" என்று போன் வந்தது. அப்பா வேலையில் இருந்தார். நான் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, சில தொலைபேசி எண்கள் அச்சிட்ட ஒரு தாள். அவ்வளவுதான். அடுத்த சந்திப்பு எந்த மருத்துவரிடம், எந்தத் தேதியில் என்று எதுவும் அதில் இல்லை.

என் கோபம் எல்லாம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. சில வாரம் ஓபியாய்ட் (ஹெராயின், ஃபென்டனில் வகை) இல்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை 2016-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள், தாமாகவே சிகிச்சைக்குப் போனவர்களைவிட ஓபியாய்டால் இறக்கும் வாய்ப்பு 2.2 மடங்கு அதிகம். ஏற்கெனவே மோசமான நிலையில் இருப்பவர்களைத்தானே குடும்பம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறது, அதனால் அடைத்து வைத்ததுதான் காரணம் என்று இந்த எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், வெளியே வரும் நாளுக்கு இவ்வளவு குறைவாகத் தயாரிப்பது எப்படிச் சரியாகும்? உள்ளே இருந்த அத்தனை நாளும் தயாரிக்கத்தானே கிடைத்த நேரம்.

தம்பி வந்த பிறகு நான் நிறைய வாசித்தேன். அப்போதுதான் ராபின்சன் வழக்கு கண்ணில் பட்டது. 1960-இல் லாஸ் ஏஞ்சலிஸில் லாரன்ஸ் ராபின்சன் என்பவரைப் போலீஸ் நிறுத்திக் கையைப் பார்த்தது. ஊசித் தழும்புகள். அவரிடம் மருந்து எதுவும் இருக்கவில்லை, மருந்து ஏற்றும்போது பிடிக்கவும் இல்லை. போதைக்கு அடிமையாக இருப்பதே கலிஃபோர்னியாவில் அப்போது குற்றம். குறைந்தபட்சத் தண்டனை கவுண்டி சிறையில் 90 நாள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1962 ஜூனில் தீர்ப்பு: அடிமைத்தனம் ஒரு நோய், நோயாளியாக இருப்பதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது. சாதாரண ஜலதோஷம் பிடித்த 'குற்றத்துக்கு' ஒரு நாள் சிறைகூடக் கொடூரமான தண்டனைதான் என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதினார். தீர்ப்பு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே ராபின்சன் இறந்துபோயிருந்தார்.

இந்தத் தீர்ப்பை வாசித்து முடித்தபோது ராத்திரி வெகு நேரம் ஆகிவிட்டது. 90 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டனை என்று பெயர் வைத்தால் அந்த 90 நாள் அரசியல் சாசனத்துக்கு விரோதம். என் தம்பிக்கு வந்ததும் அதே 90, அதே பூட்டு, அதே தலை எண்ணிக்கை.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அடிமையானவர்களுக்கு மாநிலங்கள் கட்டாயச் சிகிச்சை ஏற்பாடு செய்யலாம், அதற்காகச் சில காலம் அடைத்தும் வைக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. கலிஃபோர்னியா அதற்கு முந்தைய வருடம், 1961-லேயே, அப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. நார்க்கோ என்ற ஊரில் 1929-இல் பணக்காரர்களுக்காகக் கட்டிய ஏரிக்கரை ஹோட்டல் ஒன்று, உலகப் போரின்போது கடற்படை ஆஸ்பத்திரியாகி, பிறகு இந்தத் திட்டத்தின் மையமானது. பெயர் மறுவாழ்வு மையம். நடத்தியது சிறைத்துறை. அங்கே அனுப்பப்பட்டவர்கள் உள்ளேயும் வெளியேயுமாக ஏழு வருடம் வரை கட்டுப்பாட்டில் இருந்தார்கள். நோயாளி என்று சொல்லிவிட்டால் நாள் கணக்கு குறையும் என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது ஃப்ரேமிங்ஹாம் அருகில். அங்கே 1877-இலிருந்து ஒரு பெண்கள் சிறை இருக்கிறது. செக்‌ஷன் 35-இல் வரும் பெண்களையும் பல வருடம் அந்தச் சிறைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், எந்த வழக்கும் இல்லாத பெண்களைக்கூட. 2016 ஜனவரியில் ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்ட சட்டம் அதை நிறுத்தியது. அதன் பிறகு அவர்கள் டான்டன் அரசு மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போகிறார்கள். ஆண்களுக்கு அந்த மாற்றம் வரவில்லை. 2018-ஆம் வருடச் சட்டம் ஓர் ஆணையத்தை அமைத்தது. 2019 ஜூலையில் அது தந்த அறிக்கை, இப்படிச் சிவில் முறையில் அனுப்பப்படுபவர்களைச் சிறைத்துறையோ ஷெரிஃபோ நடத்தும் இடங்களில் வைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் இந்த மாநிலத்தின் பிளிமத், லட்லோ ஆகிய ஊர்களில் ஆண்கள் அப்படித்தான் வைக்கப்பட்டார்கள்.

"அப்போ மனுப் போடலாமா, வேண்டாமா?" போனில் கடைசியாக இதுதான் கேட்பார்கள். பிள்ளை இன்றிரவு பிழைப்பானா என்று பயந்து நிற்கும் அம்மாவிடம் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா அன்றைக்குப் போடாமல் இருந்திருந்தால் தம்பி இருந்திருப்பானா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் முதலில் வேறு வழியைக் கேட்கச் சொல்வேன். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலேயே புப்ரெனார்ஃபின் (ஓபியாய்ட் ஏக்கத்தை அடக்கும் சிகிச்சை மருந்து) ஆரம்பித்துத் தருவார்களா என்று கேளுங்கள். அவன் கொஞ்சமாவது சம்மதிக்கும் நேரம் வரும், பெரும்பாலும் விடியற்காலையில், உடம்பு படுத்தும்போது. அந்த நேரத்துக்கு ஒரு கிளினிக் எண் உங்கள் போனில் இருக்கட்டும். மனுப் போடுவதென்று முடிவானால், பெற்றோரோ கூடப் பிறந்தவர்களோ போங்கள். தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். கூண்டில் என்ன கேட்பார்கள் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளே புப்ரெனார்ஃபினோ, அதே வகைச் சிகிச்சை மருந்தான மெதடோனோ தருகிறார்களா, வெளியே வரும்போது அது தொடருமா என்று முதல் நாளே கேளுங்கள். 30-வது நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, அதற்கு முந்தைய வாரமே வெளியே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். நலாக்ஸோன் ஸ்ப்ரே மருந்துக்கடையில் கிடைக்கும். பூஜை அறையானாலும் சமையலறையானாலும் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள், பாட்டிக்கும் அடிக்கக் கற்றுக்கொடுங்கள்.

தம்பி இப்போது சிகிச்சை மருந்து எடுத்துக்கொள்கிறான், வேலைக்குப் போகிறான். அந்த மருந்தைத் தொடங்கியது உள்ளே இருந்தபோது அல்ல. வெளியே வந்து, ஒரு முறை விழுந்து, பிறகு அவனாகவே கிளினிக்குக்கு நடந்துபோன நாளில். சாட்சிக் கூண்டைப் பற்றி அவனும் அப்பாவும் இன்னும் பேசிக்கொண்டதில்லை. ஒரே வீட்டில் கிரிக்கெட் பார்க்கிறார்கள், அந்தப் பேச்சு மட்டும் வராது.

எங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு நாங்கள் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பெண்களுக்கு 2016-இல் செய்ததை ஆண்களுக்கும் செய்யுங்கள், வெளியே வரும் ஒவ்வொருவர் கையிலும் மருத்துவரின் பெயரும் தேதியும் எழுதிய தாள் இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. அப்பா எழுதினார், ஆங்கிலத்தைத் தம்பி திருத்தினான். மாசசூசெட்ஸில் இருப்பவர்கள் யாருக்காவது அதன் பிரதி வேண்டுமென்றால் கேளுங்கள், உங்கள் தொகுதியின் பெயரை மாற்றி, உங்கள் வீட்டில் நடந்ததை இரண்டு வரி சேர்த்து அனுப்பலாம்.